போனது எது

மங்கையர்க்கரசி டீச்சர் பதினொன்றாம் வகுப்புக்கு அறவியல் நடத்தினார். சமயங்கள் சொல்வது, தத்துவங்கள் கேட்பது, நல்லது கெட்டது பற்றிய பழைய வாதங்கள் எல்லாம் அந்தப் பாடத்தில் வரும். அதில் எப்போதும் முதலாவதாக வருபவள் சுடரொளி.

ஒரு வியாழக்கிழமை அவள் ஆசிரியர் அறைக்கு ஒரு தாளோடு வந்தாள். அதில் முப்பத்தொரு கையெழுத்துகள்.

“இந்தப் பீரியடை கெமிஸ்ட்ரிக்குத் தரச் சொல்லி ஹெச்.எம்.கிட்ட கொடுக்கப்போறோம் டீச்சர். உங்ககிட்ட சொல்லாம கொடுக்க மனசு வரல.”

“பாடம் பிடிக்கலையா?”

“பிடிக்கும். ஆனா ஒரு கேள்விக்கு நாலு பதில் இருக்கு. எது சரின்னு நீங்க ஒருநாளும் சொன்னதில்ல. இதைப் படிச்சு என்ன டீச்சர் பண்றது?”

டீச்சர் வாய் திறப்பதற்குள் அலுவலக உதவியாளர் உள்ளே வந்தார். அதே வகுப்பு ரிஸ்வானாவின் அப்பா இறந்துவிட்டார். தையல் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ரிஸ்வானாவை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார்.

“வா” என்றார் சுடரொளியிடம்.

ரிஸ்வானா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அவரைக் கிடத்தியிருந்தார்கள். இன்னும் குளிப்பாட்டவில்லை. வலது கை விரல்களில் துணியில் கோடு போடும் சாக்பீஸின் நீலத்தூள் அப்படியே இருந்தது. ரிஸ்வானா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுதான் அங்கிருந்த பெண்களைப் பயமுறுத்தியது.

“அத்தா அல்லாஹ்கிட்ட போயிட்டாரும்மா. அழுதுரு” என்றாள் அவளுடைய மாமி.

“தெரியும் மாமி” என்றாள் ரிஸ்வானா. பிறகு தோழியைப் பார்த்தாள்.

“சுடர், கை இங்கதான் இருக்கு. முகம் இருக்கு. எல்லாம் இருக்கு. அப்ப போனது எது?”

சுடரொளிக்கு அந்தக் கேள்வி தெரியும். காலாண்டுத் தேர்வில் வந்தது. உயிர் என்பது எது, அது இருக்கிறதா, இல்லையா என்று மூன்று பக்கம் எழுதினாள். பத்துக்கு ஒன்பது.

டீச்சரைப் பார்த்தாள். அவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

எழுதிய வரிகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த நீலத்தூளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கூடமும் பெண்களும் தெருச் சத்தமும் அதன் முன்னால் சிறுத்து எங்கோ தள்ளிப் போனதுபோல் இருந்தது.

மெல்ல ரிஸ்வானாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தெரியலடி” என்றாள். “நிஜமாவே தெரியல.”

ரிஸ்வானா அவள் தோளில் சாய்ந்து வெடித்து அழுதாள்.

மாலையில் இருவரும் திரும்பினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றார்கள்.

“டீச்சர், நான் பரீட்சையில எழுதினேனே, அந்தப் பதிலெல்லாம்... அதை முதல்ல சொன்னவங்க யாரு?”

ரயில் கடந்து போகும்வரை டீச்சர் காத்திருந்தார்.

“இந்த மாதிரி ஒரு வீட்டுல உட்கார்ந்துட்டு எழுந்து வந்தவங்க.”