கூத்தன் சீவிய சுருள்

சிறியவர்களே, கேளுங்கள். பெரியவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள். ஆற்றுக்குப் பாலம் போடத் தெரியாத காலத்தில், அகன்ற ஓர் ஆற்றங்கரையில் ஓர் அரசன் இருந்தான். அவன் ஊரில் கூத்தன் என்றொரு தச்சன் இருந்தான்.

மரம் சீவக் கூத்தனிடம் மூன்று இழைப்புளிகள் இருந்தன. ஒன்று சாண் நீளம், ஒன்று முழ நீளம், ஒன்று கை நீளம். மரத்தை வழவழப்பாக்கச் சின்னது. முரட்டு மரத்தை அடக்க நடுவிலுள்ளது. இரண்டு பலகைகளின் விளிம்புகள் இடைவெளி இல்லாமல் சேரவேண்டும் என்றால் நீளமானதுதான் வேண்டும். சின்னது பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறி, மரம் போன போக்கிலேயே போய்விடும். நீளமானதோ பள்ளத்தைத் தாண்டி நின்று மேட்டை மட்டும் சீவும். இது கூத்தனுக்குத் தெரியும். தெரிந்துதான் கெட்டான்.

அரசனுக்கு ஒரு புதுப் படகு வேண்டியிருந்தது. யார் சீவும் மரச்சுருள் மிக மெல்லியதோ, அவனுக்கே படகு வேலை என்றான். அரசர்களுக்குத் தோன்றுகிற யோசனை அப்படித்தான் இருக்கும். கூத்தன் சாண் இழைப்புளியால் ஒரு சுருள் சீவி நீட்டினான். அது அவ்வளவு மெல்லியதாக இருந்ததால், அதன் ஊடே அரசனுக்குத் தன் மோதிரம் தெரிந்தது. வேலை கூத்தனுக்குக் கிடைத்தது.

அன்றுமுதல் பட்டறையில் ஒரே கூட்டம். பிள்ளைகள் சுருளைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். பெண்கள் கொண்டையில் செருகிக்கொண்டார்கள். வேலையற்றவர்கள் ஊதிப் பறக்கவிட்டார்கள். பலகையை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தவள் அவன் மனைவி நங்கை. அவள் படகு கட்டுகிறவர் வீட்டில் பிறந்தவள். அவர்கள் மகள் உமையாளுக்கு அப்போதுதான் திருமணம் ஆகியிருந்தது. புகுந்த வீடு அக்கரையில். புதுப் படகின் முதல் பயணத்திலேயே அவள் போகவேண்டும்.

நங்கை இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்க வந்து பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரியுது. நம்ம பொண்ணு போற படகுங்க இது."

கூத்தன் சுவரில் மாட்டியிருந்த நீள இழைப்புளியைக் கீழே இறக்கினான். ஈரத்தில் அதன் அடிப்பாகம் வளைந்திருந்தது. கற்பலகையில் மணலைப் பரப்பி, அடி சமமாகும்வரை தேய்த்தான். அலகைச் சாணைக்கல்லில் தீட்டினான். ஆப்பை மெல்லத் தட்டி அலகை இறுக்கினான். எல்லாம் சரியாகவே செய்தான்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே அதை விளிம்பில் வைத்துத் தள்ளினான். அது மேட்டை மட்டும் தொட்டது. சுருள் வரவில்லை, துணுக்குகள்தான் உதிர்ந்தன.

"என்ன கூத்தா, கோழிக்குத் தவிடு போடுறியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்னும் கொஞ்ச நேரம் தள்ளியிருந்தால் மேடுகள் தீர்ந்து, முனையிலிருந்து முனைவரை முழுச் சுருள் வந்திருக்கும். ஆனால் அவனுக்குக் காது எரிந்தது. பெரியதை மாட்டிவிட்டுச் சின்னதை எடுத்தான். சுருள் வந்தது. கைதட்டலும் வந்தது.

நங்கை மறுபடி பலகையைத் தூக்கிக் காட்டினாள். "தேங்கா நாரும் குங்கிலியமும் வெச்சு அடைச்சிடலாம்" என்றான். மூன்றாம் முறையும் காட்டினாள். "தண்ணியில ஊறினா மரம் உப்பித் தானா மூடிக்கும்" என்றான்.

"சுருளு அடுப்புக்குப் போகுது. பலகைதானேங்க ஆத்துக்குப் போகுது!" என்று சொல்லி அவள் அழுதாள்.

படகு இறங்கிய நாளில் மேளம் கொட்டினார்கள். அரசனும் வந்திருந்தான். உமையாள் படகில் நின்று கையசைத்தாள். நடு ஆற்றில், இடைவெளியில் அடைத்த நார் பிதுங்கி வெளியே வர, தண்ணீர் உள்ளே புகுந்தது. உள்ளே இருந்தவர்கள் கையால் இறைத்தார்கள், செம்பால் இறைத்தார்கள், கடைசியில் கரையைப் பார்த்துக் கூவ மட்டும் செய்தார்கள். கூத்தன் ஆற்றில் குதித்தான். வெள்ளம் அவனைத் திருப்பிக் கரையிலேயே போட்டது. உமையாள் திரும்பி வரவில்லை.

அரசன் அவனைத் தண்டிக்கவில்லை. தேர்வு வைத்தவன் அவன்தானே. கைதட்டியவர்கள் பட்டறைப் பக்கமே வரவில்லை. நங்கை அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வெகுகாலம் கழித்து, மிஞ்சிக் கிடந்த இரண்டு பலகைகளைக் கூத்தன் எடுத்தான். நீள இழைப்புளியால் சீவினான். முதலில் துணுக்குகள் உதிர்ந்தன. சிரிக்க ஆளில்லை. பிறகு முழுச் சுருள் வந்தது. அதை அவன் பார்க்கவே இல்லை. பலகைகளைச் சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடித்தான். துளி வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"நங்கை, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டான்.

அவள் வரவில்லை. கை வலிக்கும்வரை அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

கதை கேட்டவர்களே, பார்க்கிறவர் சிரிப்புக்குப் பயந்து சரியான வேலையைப் பாதியில் விடுகிறவன், தன்னை நம்பி ஏறியவர்களைத் தன் கையாலேயே மூழ்கடிக்கிறான்.