கிழக்குப் பக்கத்துச் சுவர்

பணி ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு நிலம் இல்லாமல் போகவே, சர்வேயர் சுவிசேஷமுத்து வரப்போகிற காலத்தை அளக்கத் தொடங்கினார்.

அவர் ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தெற்கே, கோயில் கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருக்கிற ஊர்களில் ஒன்று என்பது போதும்.

கிறிஸ்து திரும்பி வந்து இந்தப் பூமியை ஆயிரம் வருஷம் அரசாளுவார் என்பதில் சர்வேயருக்குத் துளி சந்தேகமும் கிடையாது. கல்லறைகளில் இருக்கிற விசுவாசிகள் எழும்பி வந்து அவரோடு இருப்பார்கள். சாத்தான் கட்டப்பட்டுக் கிடப்பான். சிங்கம் மாட்டோடு சேர்ந்து வைக்கோல் தின்னும். இதையெல்லாம் அவர் ஐந்தடி நீள வரைபடத் துணி ஒன்றில் கறுப்பு மையால் வரைந்து வைத்திருந்தார். ஐம்பது வருஷத்துக்கு ஓர் அங்குலம். ஆயிரம் வருஷத்துக்கு இருபது அங்குலம். மயிரிழை பிசகாது.

ஒரே ஓர் இடம் மட்டும் காலி. அந்த இருபது அங்குலம் தொடங்குகிற கோட்டின்மேல் தேதி இல்லை.

அந்தத் தேதிக்காகத்தான் அறுபத்தாறு வயதில், தன்னைவிட இருபத்தைந்து வயது இளைய எப்சிபா டீச்சரிடம் போய் உட்கார்ந்தார். டீச்சர் வெளியூர்க்காரர். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் கணக்கு, சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பக்கத்து அறையில் வேத வகுப்பு. அதிகம் பேச மாட்டார். வகுப்புக்கு வந்த மற்றவர்கள் ஆண்டவர் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வருவாரா, பின்னால் வருவாரா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசியில் ஆளுக்கொரு பக்கமாகக் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். சர்வேயர் மட்டும் நின்றார்.

"டீச்சர், அந்த ஆயிரம் வருஷம் எப்ப தொடங்கும்?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, அண்ணாச்சி?"

"தயாரா இருக்கலாம்லா."

"இப்ப தயாரா இல்லையா?"

சர்வேயர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போவார். அடுத்த சனிக்கிழமை அதே கேள்வியோடு வருவார்.

ஒரு நாள் டீச்சர் திருப்பிக் கேட்டார். "உண்மையைச் சொல்லுங்க. தேதி எதுக்கு?"

சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்தார்.

"கெத்சியாள் போயி நாலு வருசம் ஆவுது டீச்சர். இன்னும் எம்புட்டு நாள்ல அவளப் பாப்பேன்னு தெரிஞ்சாப் போதும். காத்துக்கிட்டு இருந்துருவேன்."

கெத்சியாள் அவர் மனைவி. இரண்டு வருஷம் கைகால் விழுந்து கிடந்து இறந்தவள். சர்வேயர் அவளை நினைக்காத நாள் இல்லை.

டீச்சர் அன்றும் தேதி சொல்லவில்லை.

இதற்கிடையில் ஐப்பசி மழையில் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் விரிசல் விட்டுச் சாய்ந்தது. அந்தச் சுவருக்கு மேற்கே மேலத்தெருக்காரர்களின் கல்லறைகள். கிழக்கே, குளத்தை ஒட்டிய பள்ளத்தில், கீழத்தெருக்காரர்களின் கல்லறைகள். ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானம், ஒரே பாட்டுப் புத்தகம். ஆனால் செத்தால் மட்டும் சேர்ந்து படுக்கக் கூடாது என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் மேலத்தெரு முடிவு செய்து கட்டிய சுவர் அது. சர்வேயர் மேலத்தெரு. கல்லறைத் தோட்டக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். ஈஸ்டருக்கு முந்தின வகுப்பில் அவர் வந்து சொன்னார்.

"டீச்சர், ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கிழமை காலைல கொத்தனார் வாரான். இந்தத் தடவ கான்கிரீட் போட்டு உறுதியாக் கட்டுதோம். சாஞ்சு கெத்சியாள் கல்லற மேலயே விழுந்துருமோன்னு பயமாருக்கு. வேல தொடங்குததுக்கு முன்ன நீங்க ஒரு ஜெபம் பண்ணணும்."

டீச்சர் வேத புத்தகத்தை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலை கல்லறைத் தோட்டத்துக்கு வர்றேன். உங்க படத்தையும் எடுத்துட்டு வாங்க."

ஈஸ்டர் அன்று விடியுமுன் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போவது அந்த ஊர் வழக்கம். பாட்டுப் பாடி, வர்த்தி ஏற்றி, வெளிச்சம் வருவதற்குள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். வீட்டில் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் காத்திருக்கும். நாற்பது நாள் கறி தின்னாமல் இருந்த நாக்கு சும்மா இருக்குமா? அன்றும் கூட்டம் அப்படியே கலைந்தது. சர்வேயரும் கிளம்பினார்.

"இருங்க, அண்ணாச்சி," என்றார் டீச்சர். "சூரியன் வரட்டும்."

இருவரும் கெத்சியாளின் கல்லறை பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிழக்கு வெளுத்தது. வானம் மஞ்சளானது. கோபுரத்து உச்சியில் வெயில் பட்டது. கெத்சியாளின் கல்லறை மட்டும் இருட்டாகவே இருந்தது.

"படத்தை விரிங்க," என்றார் டீச்சர். "அக்கா எழும்புறப்போ எந்தப் பக்கம் பார்த்து எழும்புவாங்க?"

"கிழக்க. தல மேற்க, காலு கிழக்க வச்சுத்தான அடக்கம் பண்ணுதோம். ஆண்டவரு கிழக்கருந்துலா வாராரு. எழும்பின உடனே அவரு முகத்தப் பாக்கணும்."

"சரி. அக்கா எழும்பி நிக்கிறாங்க. முதல்ல என்ன தெரியும்?"

சர்வேயர் கிழக்கே பார்த்தார். எதிரே நின்றது சுவர்.

"கால்மாட்டிலிருந்து எத்தனை அடி?"

"ஒண்ணேமுக்கால்."

"சுவர் உயரம்?"

"ஆறு."

"அக்கா உயரம்?"

"அஞ்சடிகூட இருக்க மாட்டா டீச்சர். மேல் அலமாரில எது வேணும்னாலும் என்னையத்தான் கூப்புடுவா."

"யார் அளந்து கட்டின சுவர்?"

"நான்தான் கல்லு நட்டேன்."

சட்டென்று சர்வேயருக்கு ஒரு தெம்பு வந்தது.

"ஆண்டவரு வரும்போது செவரெல்லாம் தன்னால விழுந்துரும் டீச்சர்."

"அப்ப நாளைக்கு எதுக்குக் கட்டுறீங்க?"

சர்வேயர் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரின் அடியைப் பார்த்தார். அங்கே விரிசலுக்குள் ஒரு வெளிச்சம் ஆடியது. வெயில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், கெத்சியாளின் கால்மாட்டுக்கு நேராக, யாரோ வர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள்.

"அங்க யாரு?" என்றார் சர்வேயர்.

"போய்ப் பாருங்க," என்றார் டீச்சர்.

போய்ப் பார்ப்பது லேசில்லை. சுவரில் வாசல் கிடையாது. வைக்கக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம். வெளிக் கதவைத் தாண்டி, ரோட்டில் நடந்து, குளத்துக்கரையில் இறங்கி, கீழத்தெருக் கதவு வழியாகத்தான் போக வேண்டும். நூலைப் பிடித்தால் ஒண்ணேமுக்கால் அடி, நடந்தால் கால் மைல். அந்தக் கதவைத் தோட்டத்தின் வரைபடத்தில் குறித்தவர் அவர். சுவர் எழும்பியபின் ஒரு நாளும் அதற்குள் நுழைந்ததில்லை.

உள்ளே ஆபேல் உட்கார்ந்திருந்தான். கீழத்தெருப் பையன், முப்பது வயது இருக்கும், செங்கல் சூளையில் வேலை. அவன் அம்மா தங்கபுஷ்பத்தின் கல்லறைமேல் ஒரு வர்த்தி எரிந்தது. அதற்குப் பின்னால் சுவர் ஓரத்தில் இன்னொரு வர்த்தி.

சர்வேயரைக் கண்டதும் ஆபேல் பதறி எழுந்தான்.

"அந்த வர்த்தி யாருக்குடே?"

"கெத்சியாள் அம்மாவுக்கு, ஐயா."

சர்வேயர் குனிந்து பார்த்தார். சுவரின் அடிக்கல்மேல் பழைய மெழுகு உருகி, அதன்மேல் உருகி, கைப்பிடி அளவுக்குக் கட்டியாக நின்றது.

"எத்தன வருசமா?"

"மொதல்லருந்தே. அம்மா இருந்தப்ப அவ வப்பா. அந்தப் பக்கம் வரக் கூடாதுல்லா, அதான் இங்கன வைக்கது. ரெண்டு வருசமா நான் வைக்கேன். சாவுததுக்கு முன்ன சொல்லிட்டுப் போனா." அவன் தயங்கினான். "தப்புன்னா எடுத்துருதேன் ஐயா."

சர்வேயர் அந்த மெழுகுக் கட்டியைத் தொட்டுப் பார்த்தார்.

கெத்சியாள் படுத்துக் கிடந்த இரண்டு வருஷமும் அவளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, புண் வராமல் முதுகு துடைத்துவிட்டவள் தங்கபுஷ்பம். பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போவாள். அடக்கத்தின்போது அவளை மேற்குக் கதவுக்குள் விடவில்லை. அவள் இந்தப் பக்கம் வந்து, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, "யக்கா, யக்கா" என்று அழுதாள். மேற்கே நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. சர்வேயருக்கும் கேட்டது. பெட்டி இறங்குகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று அவர் பேசாமல் நின்றார். அதை அதற்குப் பிறகு நினைக்கவே கூடாது என்று நான்கு வருஷமாக அங்குலம் அங்குலமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது தங்கபுஷ்பத்தின் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். வெட்கத்தில் அழுதார்.

ஆபேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அழுது முடித்துத் தலையைத் தூக்கியபோது நேர் எதிரே சூரியன். குளத்துத் தண்ணீர் முழுக்க வெளிச்சம். தங்கபுஷ்பத்துக்கும் கிழக்குக்கும் நடுவில் ஒரு புல்லுகூடக் குறுக்கே இல்லை.

சர்வேயர் மூக்கைச் சிந்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாரு, கொத்தனாரா? நாளைக்குக் கரண்டி வேண்டாம்டே. கடப்பார எடுத்துட்டு வா... ஆமா, கடப்பாரதான். ரெண்டாக் கொண்டா... சிமெண்டத் திருப்பி அனுப்பிரு... கமிட்டி கேட்டா, செயலாளரு சொன்னாருன்னு சொல்லு. நான் பாத்துக்கிடுதேன்."

ஆபேல் எழுந்துவிட்டான். "ஐயா, வேண்டாம். மேலத்தெருவுல அடிக்க வருவாங்க."

"வருவாங்க. மொத அடி எனக்கு விழும், பெறவுதான் உனக்கு. ஒரு கடப்பார நான் பிடிக்கேன். இன்னொண்ணு பிடிக்க ஆளில்ல. வாறியா?"

ஆபேல் சுவரைப் பார்த்தான். அடிக்கல்மேல் எரிகிற வர்த்தியைப் பார்த்தான்.

"வாரேன் ஐயா."

எப்சிபா டீச்சர் அதற்குள் குளத்துக்கரை வழியாகச் சுற்றி வந்திருந்தார். சர்வேயர் மேற்கே விட்டுவிட்டு வந்த வரைபடம் அவர் கையில் இருந்தது. அதை வாங்கி மடியில் விரித்த சர்வேயர், காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"டீச்சர், இப்பமாவது சொல்லுங்க. அந்த ஆயிரம் வருசம் எப்ப தொடங்கும்?"

"கொத்தனார் எத்தனை மணிக்கு வர்றார்?"

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு."

டீச்சர் தன் பேனாவைத் திறந்து அவரிடம் நீட்டினார்.

"அப்ப, எட்டு மணின்னு எழுதிக்கோங்க."