பரங்கிக்காய் வெளியேறிய நாள்

ஆபத்சகாயம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயதில், சாயல்குடிக்குத் தெற்கே ஒரு மடத்தில் சீடராகச் சேர்ந்தார். மடத்தின் குரு வடிவம்மைக்கு நாற்பதுதான். அவர் முன்னால் ஆபத்சகாயத்துக்குக் கை கட்டிக்கொள்ளும். வாய் கட்டாது.

ஒருநாள் லூசியா என்ற மெக்சிகோ நாட்டுப் பெண் வந்தாள். மதுரையில் தமிழ் படித்தவள். மடத்தில் தங்கிக் கற்க வேண்டும் என்றாள்.

ஆபத்சகாயத்துக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தது எதுவும் நம்ம பந்திக்கு ஆகாது."

"எதுவுமா?"

"எதுவுமே."

"சரி. நீங்களே அப்புறப்படுத்துங்க. எது எதுன்னு லூசியா சொல்லட்டும்."

லூசியா சமையலறைக்குள் போய் முதலில் மிளகாயைத் தொட்டாள்.

"இதுவுமா?" என்றார் ஆபத்சகாயம்.

"எங்க ஊர்க்காய். கப்பலேறி வந்தது."

தக்காளி போயிற்று. உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் வரிசையாக வாசலுக்குப் போயின. பரங்கிக்காயை அவரே தூக்கி வைத்தார். அது பெயரிலேயே மாட்டிக்கொண்டது.

"இவ்வளவு கொடுத்தீங்களே, கப்பல்காரங்க உங்களுக்கு என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டார்.

"பெரியம்மை. ஊர் ஊராச் செத்தாங்க."



மூன்று நாள் மிளகு ரசமும் வாழைத்தண்டும் நடந்தன. நாலாம் நாள், வாசலில் கிடந்த சாக்குக்குப் பின்னால் மிளகாயும் கையுமாக ஆபத்சகாயம் அகப்பட்டார். கண்ணில் நீர் வழிந்தது.

"என்னய்யா இது?" என்றார் வடிவம்மை.

"மிளகாய் நம்ம ஊருதாம்மா. எங்க ஆத்தா கையால தின்னது."

வடிவம்மை சாக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பிள்ளையைப் பந்தியில உக்காரச் சொல்லுங்க," என்றார் ஆபத்சகாயம். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ, அங்கேயிருந்து வந்ததெல்லாம் நல்லதுதானா அம்மா?"

வடிவம்மை அவரைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். கிணற்றைச் சுற்றிச் சீமைக்கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை.

"இதுவும் அங்கேயிருந்து வந்ததுதான்," என்று அரிவாளைக் கையில் கொடுத்தார். "வெட்டுங்க."

உச்சிப்பொழுது வரை வெட்டினார். உள்ளங்கையெல்லாம் முள். ஒருவழியாகத் தெளிவு வந்துவிட்ட நிம்மதியில் நிமிர்ந்தார்.

"அம்மா, இந்தச் சனியனை எங்கே கொண்டுபோய்ப் போட?"

"அடுப்புக்குப் பக்கத்துல. இத்தனை நாளும் உங்க சோறு வெந்தது இதுலதான்."