முல்லிகட்டானி சூப்புக்குப் பேர் வந்த கதை

மிளகுக்கும் புளிக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், சென்னப்பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் மாசிலாமணி என்று ஒரு சமையல்காரன் இருந்தான். அந்த வருஷத்தில் அவனுக்கு அது நாலாவது பங்களா. இங்கேயும் வேலை போனால் மாமனார் வீட்டில் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான்.

துரைமார்களுக்கு ஒரு வழக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் சூப் என்று ஒன்றைத் தட்டில் ஊற்றிக் கரண்டியால் குடித்தாக வேண்டும். மாசிலாமணிக்கோ சூப் மட்டும் வைக்க வராது; முந்தின மூன்று பங்களாவிலும் அதனால்தான் வேலை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்தாளிகள் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "சூப் எங்கே?" என்று துரை மேசையைத் தட்டினார். இவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அஞ்சறைப்பெட்டிக்குள்ளிருந்து மிளகு கூப்பிட்டது. "ஏண்டா முழிக்கிறே? மிளகுதண்ணி வை. நான் இருக்கேன்ல!"

வைத்தான். ஒரு வாய் குடித்த துரைசானி கண்ணும் மூக்கும் ஒழுக எழுந்து நின்றுவிட்டாள்.

துரை பல்லைக் கடித்தார். "என்ன வெந்நீர் இது? கறி எங்கே? கால் மணி நேரத்தில் நல்ல சூப் வரணும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டு!"

மாசிலாமணி அடுப்படிக்கு ஓடினான். வறுத்த ஆட்டுக்கறி, சோறு, தேங்காய்ப்பால் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அதே சட்டியில் கொட்டிக் கிண்டினான். மிளகை மட்டும் கரண்டியால் அள்ளி அள்ளி வெளியே போட்டான்.

"அடப்பாவி! ஆபத்துக்கு உதவினவனையே கழுத்தைப் பிடிச்சுத் தள்றியா?" என்று கத்தியது மிளகு.

"கோவிச்சுக்காதே அண்ணே, பொழைப்பு போயிடும்."

"சரி, போய்த் தொலையறேன். ஆனா பேர் என்னோடதுதான். கறிக்குப் பேர் கொடுத்தியோ, அடுத்த விருந்துல அத்தனை பேர் மூக்கிலயும் ஏறிடுவேன்!"

துரை தட்டை வழித்துக் குடித்தார். விருந்தாளிகள் இன்னொரு தட்டு கேட்டார்கள். "பலே! இதுக்குப் பேர் என்ன?"

கறிசூப் என்று சொல்ல மாசிலாமணிக்கு வாய்வரை வந்தது. அவன் தோள்துண்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மிளகு கனைத்தது. "மிளகுதண்ணிங்க, துரையே!" என்று அவசரமாகச் சொல்லிவிட்டான். அந்த வீட்டில் அவனுக்கு வேலை நிலைத்தது. துரையும் தன் நாக்கு வளைந்த மட்டில் "முல்லிகட்டானி" என்று எழுதி வைத்துக்கொண்டார்.

அன்று பிடித்ததுதான், கறியும் சோறும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற சூப்புக்கு இங்கிலீஷ்காரன் இன்றுவரை மிளகுதண்ணி என்றே பேர் சொல்லிக் குடிக்கிறான். சட்டியில் இடம் கிடைக்காத மிளகு, பேரில் மட்டும் ராஜாவாட்டம் உட்கார்ந்திருக்கிறது.