பம்ப் ஹவுஸில் வெறுங்கால்

ஊருக்குத் தண்ணீர் அனுப்பும் அந்தப் பம்ப் ஹவுஸில் ஐந்து மோட்டார்கள், ஒரு கம்ப்யூட்டர் திரை, ஒரு குரு. குருவின் பெயர் பொற்கொடி. வயது முப்பத்திரண்டு, நிறைமாதம். பிரசவ லீவில் போக இன்னும் பத்து நாள்.

சீடர் சிவசைலத்துக்கு ஐம்பத்து நான்கு. ஆபீஸில் ஃபைல் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுஷனைத் தூக்கி அவள் இடத்துக்குப் போட்டுவிட்டார்கள். அதுவும் சித்திரை மாதம். ஒரு மோட்டார் எரிந்தாலும் ஊரே காலிக் குடத்தோடு தன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

பொற்கொடியோ திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாங்காய் தின்றாள். திடீரென்று எழுந்து ஏதாவது ஒரு மோட்டாரை நோக்கிப் போவாள். அவள் கை சுவிட்சைத் தொட்ட பிறகுதான் அந்த மோட்டாரில் கோளாறு என்று திரையில் சிவப்பு எரியும்.

"எப்படித் தாயி தெரியுது?"

"செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க அண்ணாச்சி."

பக்திதான் ரகசியம் என்று சிவசைலத்துக்கு விளங்கிவிட்டது. மறுநாள் தலைக்குக் குளித்து, நெற்றி நிறையப் பட்டை அடித்து, செருப்பை வாசலிலேயே விட்டார். ஐந்து மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம். திரைக்குக் கற்பூரம் வேறு காட்டினார்.

ஐந்தாம் நாள் பொற்கொடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சிவசைலம் கண்கொட்டாமல் திரையைக் காத்தார். எல்லாம் பச்சை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

"ஐயையோ, வலி வந்துட்டா? ஆட்டோ கூப்பிடட்டா?"

அவள் நேரே போய் மூன்றாம் மோட்டாரை நிறுத்தினாள். திரை சிவந்தது.

"உள்ளே இருந்த எனக்குத் தெரியல. வெளியே இருந்த உனக்கு எப்படி?"

"தரை அதிருறது மாறிச்சு."

"இத்தனை நாளா நானும்தான் செருப்பு போடல!" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எழப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியின் மேல் சம்மணம் போட்டிருந்த கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

பொற்கொடி அந்தக் கால்களையே பார்த்தாள்.

"கீழே வைங்க."

வைத்தார். மரப்பு விடும்வரை காத்திருந்தாள். பிறகு திரையை ஒரு துண்டால் மூடினாள். அவரைச் சுவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போய் எதையோ நிறுத்தினாள், எதையோ போட்டாள்.

"எத்தனை ஓடுது?"

சிவசைலம் கண்ணை மூடிப் பாதத்தைத் தரையில் அழுத்தினார். உள்ளங்கால் குறுகுறுத்தது.

"ரெண்டு... இல்ல இல்ல, மூணு!"

"நாலு."

சிவசைலத்தின் முகம் சுருங்கியது. "அப்ப நான் தேற மாட்டேனா தாயி?"

"இன்னைக்குத்தானே அண்ணாச்சி வேலைக்கே வந்திருக்கீங்க."