நீந்தாத மீன்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றை வீரகேது என்ற அரசன் ஆண்டுவந்தான். மீன் என்றால் அவனுக்கு உயிர். ஒருநாள் விருந்தில் மீன்முள் தொண்டையில் சிக்கிக்கொண்டது. வைத்தியர் வந்து எடுப்பதற்குள் துடித்துப்போய்விட்டான்.

அரண்மனை மடைப்பள்ளிக்கு அதிகாரி அம்பலவாணர். அவையின் விகடகவி பொன்னுரங்கனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த இடத்தில் தம் மைத்துனனை உட்கார்த்தி வைக்க ஆசை. சமயம் பார்த்துச் சொன்னார்:

"அரசே, நீந்துவதற்காகத்தான் மீனுக்கு முள். நீந்தாத மீனில் முள் இராது. அப்படி ஒரு மீனைத் தீயில் காட்டாமல், பச்சையாகவும் இல்லாமல் பரிமாறக்கூடிய புத்திசாலி நம் பொன்னுரங்கன்தான்."

தொண்டை வலியில் இருந்த அரசனுக்கு அது நியாயமாகவே பட்டது. "பதினைந்து நாள் தருகிறேன், பொன்னுரங்கா. முடியாவிட்டால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடு" என்றான்.

பொன்னுரங்கனுக்கு அன்று ஒரு விகடமும் வரவில்லை. வீட்டுக் கொல்லையில் மனைவி முத்துப்பேச்சி மடவை மீன் அரிந்துகொண்டிருந்தாள். கடற்கரையில் பிறந்தவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீந்தாத மீனாமே! வாங்குனது ஒரு மீனு, வயித்துக்குள்ள பாருங்க, ஆயிரம் மீனு. இதுல எதைக் கொண்டுபோய் அவருக்குக் குடுக்க?"

பொன்னுரங்கன் குனிந்து பார்த்தான். அவள் கையில் இரட்டைப் பையாக மஞ்சள் முட்டைச் சினை இருந்தது.

"பேச்சி, இது நீந்தியிருக்குமா?"

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எங்க ஊருல இதை உப்புப் போட்டுக் காயவைப்போங்க. அடுப்பே வேண்டாம்."

சினைப்பையைக் கிழியாமல் உப்புநீரில் அலசி, நரம்பிலிருந்த இரத்தத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி எடுத்தாள். கல்லுப்பில் புதைத்து வைத்தாள். மறுநாள் உப்பைத் துடைத்து, இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கல்லை ஏற்றினாள். பிறகு தினமும் வெயிலில் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவைப்பாள். காக்கையை விரட்டுவது பொன்னுரங்கன் வேலை. ஒன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. பூஞ்சை பூத்துவிடுமோ என்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்து வெயில் வந்தது. அவள் நல்லெண்ணெய் தொட்டுத் தடவி மறுபடி காயவைத்தாள். பதினைந்தாம் நாள் சினை தேன் நிறத்தில் இறுகியிருந்தது.

அவையில் வாழையிலை விரித்து, சூடான சோற்றின் பக்கத்தில் மெல்லிய வில்லைகளாகச் சீவி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தான் பொன்னுரங்கன். அரசன் ஒன்றை வாயில் போட்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மீன் ருசிதான். முள்ளும் இல்லை, பச்சை வாடையும் இல்லை. என்ன இது?"

"மடவைச் சினை, அரசே. உப்பிட்டு வெயிலில் காயவைத்தது. நீந்துவதற்கு முன்பே எடுத்துவிட்டோம்."

அம்பலவாணர் எழுந்தார். "சூரியனும் நெருப்புத்தானே? இது தீயில் பட்டதுதான்."

"இன்று வெயிலில் நடந்து வந்தீர்களே, வெந்துபோயா அமர்ந்திருக்கிறீர்கள்?"

அவை சிரித்தது. அவர் விடவில்லை. "தாய் மீன் கடலெல்லாம் நீந்தியது. வயிற்றில் இருந்த இதுவும் நீந்தியதாகத்தான் அர்த்தம்."

"அப்படியானால், தங்கள் தாயார் தங்களைச் சுமந்துகொண்டு நடந்தபோதே தாங்களும் நடந்துவிட்டீர்கள். பிறந்தபின் எதற்காகத் தவழ்ந்தீர்கள்?"

அரசன் புரையேறும்வரை சிரித்தான். இரண்டு வில்லையை எடுத்து அம்பலவாணரிடம் நீட்டினான். அவர் வேண்டாவெறுப்பாக வாங்கித் தின்றார். பிறகு அவர் பார்வை இலையில் மிச்சமிருந்ததன் பக்கம் போனது.

அரசன் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னுரங்கனிடம் கொடுத்தான். "இதை மடைப்பள்ளிக்கும் சொல்லிக்கொடு."

"செய்தவள் என் மனைவி, அரசே. மாலையும் அவளுக்குத்தான், சொல்லிக்கொடுக்க வேண்டியவளும் அவள்தான்."

"சரி, அம்பலவாணர் போய்க் கற்றுக்கொண்டு வரட்டும்."

மறுநாள் காலை அம்பலவாணர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கொல்லையில் குந்தியிருந்தார். எதிரே கழுத்தில் முத்துமாலையுடன் முத்துப்பேச்சி.

"மெதுவாங்கய்யா. கிழிஞ்சா மறுபடி மொதல்ல இருந்துதான்" என்று அடுத்த மீனை அவர் முன்னால் எடுத்துப் போட்டாள்.