இரண்டாம் அறையின் எண்

‘நெடுவழி’ என்ற விண்கப்பலில் கட்டளை அறைகள் இரண்டு. முதல் அறை உச்சியில் இருந்தது. கேப்டன் உட்காருவது அங்கேதான். இரண்டாம் அறை கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. முதல் அறை தீப்பிடித்தாலோ உடைந்தாலோ இங்கிருந்து கப்பலை ஓட்ட வேண்டும். கிளம்பி இத்தனை வருடத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அதனால் அங்கே வேலை பார்ப்பவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

கப்பல் போய்ச் சேரவேண்டிய கிரகத்தின் பெயர் நீலக்கரை. அதைத் தவறவிட்டால் திரும்பி வர எரிபொருள் கிடையாது. இது கப்பலில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

இரண்டாம் அறைக்குப் பொறுப்பு பூங்கோதை. அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தவர் என்பதால் கேப்டனிலிருந்து சமையல்காரர் வரை அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்தவர் சவரிமுத்து. டீச்சரைவிடப் பத்து வயது பெரியவர். பேரன் பேத்தி எடுத்த பிறகு மாணவனாகி மாட்டிக்கொண்ட மனிதர்.

டீச்சர் காய்ச்சலில் விழுந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். எழுந்து வந்த அன்று அவருக்காகவே காத்திருந்ததுபோல் சவரிமுத்து ஆரம்பித்தார்.

“உடம்பு எப்படி இருக்கு டீச்சர்?”

“இருக்கு.”

“என்னை இங்கேருந்து விட்டுடுங்க.”

டீச்சர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். “என்ன ஆச்சு அண்ணே?”

“ஒண்ணும் ஆகலை. அதான் விஷயமே. இந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் கப்பல் அசையாது. தினமும் நட்சத்திரத்தைப் பாத்து நம்பர் சொல்றோம். மேலே இருக்கறவங்களும் பாத்து நம்பர் சொல்றாங்க. ஒருத்தன் பாத்ததையே இன்னொருத்தன் பாக்கறதுக்கு எதுக்கு ஒரு அறை? சலிச்சுப்போச்சு டீச்சர். நெஜமாவே முடியலை.”

பொய்யில்லை. கண்கள் உள்ளே போய், முகம் காய்ந்து கிடந்தது.

அவர் சொன்ன நம்பர், கப்பல் போகவேண்டிய திசையின் எண். தினமும் இரண்டு அறைகளும் தனித்தனியாக நட்சத்திரத்தைப் பார்த்து அந்த எண்ணைக் கணக்கிட வேண்டும். இரண்டாம் அறை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகு முதல் அறை தன்னுடையதைச் சொல்லும். வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் முதல் அறை கப்பலை அந்த எண்ணுக்குத் திருப்பும். கப்பலின் வழக்கம் அது.

“இப்பல்லாம் வித்தியாசம் எவ்வளவு வருது?” என்று கேட்டார் டீச்சர்.

“வித்தியாசமே வர்றதில்லை. நீங்க படுத்ததிலேருந்து ஒரு நாள்கூட வரலை.” சவரிமுத்துவின் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“நானும் மேலே பெஞ்சமினும் பாத்தப்போ தினமும் சண்டைதான் வரும்.”

“நீங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்க டீச்சர்.”

“இருக்கும்.” டீச்சர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “தாராளமா போங்க அண்ணே. இன்னைக்கு நம்பரை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

சவரிமுத்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு முள் இருந்தது. முதல் அறை கப்பலை எந்தத் திசையில் வைத்திருக்கிறது என்று காட்டும் முள்.

“நாப்பத்திரண்டு.”

நட்சத்திரம் பார்க்கும் தொலைநோக்கி அறையின் மறுகோடியில் இருந்தது. அதன்மேல் சவரிமுத்துவின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

டீச்சர் முள்ளைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். மைக்கை எடுத்தார்.

“ரெண்டாம் அறை. ஐம்பது.”

மேலே யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு பெஞ்சமினின் குரல் வந்தது. “எங்களுக்கும் ஐம்பதுதான் டீச்சர். காய்ச்சல் விட்டுதா?”

சுவரில் முள் ஐம்பதை நோக்கி மெல்ல நகர ஆரம்பித்தது.

சவரிமுத்து துள்ளி எழுந்தார். “டீச்சர்! நாப்பத்திரண்டுன்னுதானே சொன்னேன்!”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் ஐம்பதுன்னு... அவன் எப்படி அதேன்னு...”

பாதியில் நிறுத்திவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அவர் முள்ளைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சமின் அவர் சொன்னதைக் கேட்டுச் சொன்னான். நாற்பத்திரண்டு என்பது எப்போதோ யாரோ வானத்தைப் பார்த்துச் சொன்ன எண். அதன் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. மூன்றாம் தளத்தில் அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

டீச்சர் மைக்கை நீட்டினார். “மாத்திச் சொல்லுங்க.”

“நாப்பத்தி...” வாய் வரவில்லை. “என்னன்னு சொல்றது டீச்சர்?”

டீச்சர் துண்டைப் பார்த்தார்.

சவரிமுத்து ஓடிப்போய்த் துண்டை இழுத்தார். தொலைநோக்கியின் கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. துடைத்தார். நட்சத்திரம் கிடைக்கவே இல்லை. கிடைத்தது, நழுவியது, மறுபடி கிடைத்தது. தப்பாகக் கூட்டி, அடித்து, திரும்பக் கூட்டினார். சக்கரத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில் வராத வேர்வையெல்லாம் இப்போது வந்தது.

“ரெண்டாம் அறை. முன்னே சொன்னது தப்பு. முப்பத்தெட்டு.”

“எங்களுக்கும்...”

“பெஞ்சமின், நிறுத்துப்பா. என்னைக் கேட்டுட்டுச் சொல்லாதே. இத்தனை நாளா நானும் உன்னைப் பாத்துத்தான் சொன்னேன்.”

மேலே எதையோ தரதரவென்று இழுத்துத் தள்ளுகிற ஓசை கேட்டது. அங்கேயும் தொலைநோக்கியின் முன்னால் என்னவோ கிடந்திருக்க வேண்டும். சவரிமுத்து மைக்கைப் பிடித்தபடி நின்றார். காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்த குரலில் கொட்டாவி இல்லை. “முப்பத்தெட்டரை. அண்ணே, நெறைய விலகிப் போயிருக்கோம்.”

“திருப்ப முடியுமா?”

“முடியும். இப்போ முடியும்.”

முள் ஐம்பதிலிருந்து இறங்கியது. நாற்பத்திரண்டைத் தாண்டி இறங்கியது.

“அண்ணே, அரை இடிக்குதே” என்றான் பெஞ்சமின். “உங்களோடது சரியா, என்னோடது சரியா?”

சவரிமுத்து திரும்பினார். டீச்சர் இவருடைய நாற்காலியில் கால் நீட்டி, போர்வையை முகம்வரை இழுத்திருந்தார்.

“டீச்சர், எனக்கு முப்பத்தெட்டு வருது, அவனுக்கு முப்பத்தெட்டரை. யாரோடது சரி?”

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

“தெரியலை அண்ணே. ரெண்டு பேரும் இன்னொரு தடவை பாருங்க. நான் கொஞ்சம் தூங்கறேன்.”